நாங்க மேஸ்திரி பக்கம்

தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை, கடந்த சில வருஷங்களில் புது வீட்டில் பொங்கிய பால் எதுவும் பால்காய்ச்சியின் மேற்பார்வை இல்லாமல் பொங்கியதில்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் அவர் பார்க்காமல் பொங்கிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் தெருவில் தபால்காரர்கூட, "பால்காய்ச்சி சார், ரிஜிஸ்டர் தபால்" என்றுதான் குரல் கொடுப்பார். அவரும் கையெழுத்துப் போட வருவார். எந்தப் பெயரில் போட்டார் என்று நான் பார்த்ததில்லை.

மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையில் உள்ள கொடுமையை நாம் யோசிப்பதில்லை. வாழ்நாள் முழுக்க வீடு வீடாகப் போயிருக்கிறார். ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. மீட்டர் பெட்டி வாசலில் இருக்கும். அதைத் தாண்டி எட்டிப் பார்த்தால் உள்ளேயிருந்து, "யாரது?" என்று ஒரு குரல் வரும். மீட்டர் பெட்டிக்கு அப்பால் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது அவருக்குச் செவ்வாய்க் கிரகத்தைப் போல ஒரு தீராத மர்மமாகவே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் ஊரில் எந்த வீடும் ஒரு நாள் காலையில் மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும். கிரகப்பிரவேசத்தன்று. மறுநாள் முதல் நாய், கேமரா, கேட்டில் பூட்டு எல்லாம் வந்துவிடும். ஆனால் அன்று மட்டும் வீட்டுக்காரரே கெஞ்சுவார். "மாடியப் பாத்தீங்களா? பீரோவைத் தொறந்து பாருங்க. பாத்ரூம்ல லைட்டப் போட்டுக் காட்டுடா!" சொந்த அண்ணனுக்குக்கூடக் காட்டாத அலமாரியை, யாரென்றே தெரியாதவருக்குத் திறந்து காட்டுவார். பால்காய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் அவருக்குப் பக்கத்து வீடு. நகரமைப்புப் பிரிவில் கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தரும் வேலையில் இருந்தவன். எண்ணற்ற வீடுகளைத் தாளில் பார்த்திருக்கிறேன். தாளில் இருந்தது போலவே ஒரு வீட்டை நேரில் பார்த்ததில்லை. இந்த அனுபவம் தனக்கு உதவும் என்று பால்காய்ச்சி என்னைத் துணைக்கு அழைத்தார். என் ஸ்கூட்டர் பழுதாகிக் கிடந்த மாதத்தில் மட்டும் என் அனுபவம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன். ஊர் ஊராக வீடு பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவர் வீட்டுக் கொல்லையில் இருந்தது.

வீட்டுக்குள் கக்கூஸா என்று அவருடைய அம்மா முகம் சுளித்த காலத்தில் அவர் கட்டிய வீடு அது. சமையலறைக் கதவைத் திறந்து, படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, மறுபடி படியேறிப் போக வேண்டும். ஓர் ஐப்பசி மழையில் அவர் மனைவி மங்களம் அம்மா அந்தப் படியில் பாசி வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் அன்று அடிபட்ட முழங்கால் அதன்பின் சரியாகவே இல்லை. குந்தி உட்காரக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது என்றார் டாக்டர். அந்த வீட்டில் அதற்குப் பொருள், இயற்கை அழைத்தாலும் போகக் கூடாது என்பதுதான்.

அதே வருஷம் திருக்கடையூரில் அவர்களுக்கு அறுபதாம் கல்யாணம். இரண்டாவது முறை தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை செய்த முதல் காரியம், லாட்ஜ் அறையில் இருந்த குளியலறையை எட்டிப் பார்த்தது. சாதாரண லாட்ஜ். வெள்ளை டைல்ஸ், மேலைநாட்டுக் கோப்பை, பிடித்துக்கொண்டு எழச் சுவரில் ஒரு கம்பி, ஒரு சிவப்பு வாளி. அறைத் தரையும் குளியலறைத் தரையும் ஒரே மட்டம். மங்களம் அம்மா உள்ளே போய்விட்டு, நெடுநாளைக்குப் பிறகு முகம் சுருங்காமல் வெளியே வந்தார்.

"இத மாதிரி ஒண்ணு நம்ம ரூம் பக்கத்துல கட்டிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

வேறு எவராக இருந்தாலும் ஊர் திரும்பியதும் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார். பால்காய்ச்சி சொன்னார்: "இதவிட நல்லதா இருக்கும்மா. நாலு எடம் பாத்துட்டுக் கட்டுவோம்."

பார்த்தார். வருஷக்கணக்கில் பார்த்தார்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், "இன்னும் எத்தனை வீடு பார்க்கணும்?" என்று கேட்டேன். வழக்கமாக என் கேள்விக்கு அவர் வேறெதையாவது பதிலாகச் சொல்வார். அன்று நேராகச் சொன்னார். "சார், ஒரு தடவ தப்பாக் கட்டிட்டேன். அவ விழுந்துட்டா. இன்னொரு தடவ தப்பாக் கட்டக் கூடாது சார்." சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதல் முறை அவருடன் நான் போனது திருவாரூருக்கு. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "வாங்க வாங்க" என்று கும்பிட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து, "நீங்க...?" என்று இழுத்தார்.

"நாங்க மேஸ்திரி பக்கம்" என்றார் பால்காய்ச்சி.

அரசாங்கத்தில் பல வருஷம் இருந்தவன் நான்; இப்படி ஓர் ஓட்டையில்லாத விண்ணப்பத்தைக் கண்டதில்லை. கணவன் பக்கம் என்றால் கணவன் விசாரிப்பான். மனைவி பக்கம் என்றால் மனைவி விசாரிப்பாள். மேஸ்திரி பக்கத்தை யார் விசாரிப்பது? கிரகப்பிரவேசத்தன்று மேஸ்திரி ஏதோ கோபத்தில் மூலையில் நின்றிருப்பார். போர்ட்டிகோ வேலை பாக்கியிருக்கும். அது முடிகிற வரை மேஸ்திரியின் ஆட்களைப் பகைத்துக்கொள்ள எந்த வீட்டுக்காரருக்கும் துணிச்சல் வராது.

அத்துடன் நின்றிருக்கலாம். "சார் பிளான் அப்ரூவல்ல இருந்தவரு" என்று என்னையும் அறிமுகம் செய்தார். வீட்டுக்காரரின் நெற்றிச் சந்தனம் அந்த நொடியில் காய்ந்து உதிர்ந்தது. தரைத்தளத்துக்குத்தான் அனுமதி வாங்கியிருப்பார் என்று புரிந்தது. ஏனென்றால் அவர் என்னை மாடிப்படிக்கு முதுகு காட்டி நிற்க வைக்கவே படாதபாடு பட்டார்.

"மாடி... தற்காலிகம்தாங்க சார்" என்றார்.

தற்காலிக மாடிக்கு லிஃப்ட் வைத்திருந்தார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பால்காய்ச்சி என் காலை மிதித்தார். அன்று என் இலையில் பாயசம் காயவே இல்லை.

அவர் வெறுங்கையோடு எந்த வீட்டுக்கும் போனதில்லை. மொய் எழுத மாட்டார். கீழவாசலில் மொத்தமாக வாங்கி அடுக்கிவைத்திருந்த பருத்திக் கால்மிதிகளில் ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்துப் போவார். புது வீட்டுக்குக் கால்மிதியா என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர் விளக்கம் தயாராக இருக்கும். "புது வீட்ல குத்துவெளக்கு இருக்கும், ஏசி இருக்கும், சாமி படம் இருவது இருக்கும். கால்மிதி மட்டும் இருக்காதுங்க. எல்லாரும் கால அலம்பிட்டு ஈரத்தோட டைல்ஸ்ல நடப்பாங்க. யாராச்சும் விழுவாங்க." அதைக் கொடுத்து, அடுப்பின் முன் நின்று பால் பொங்குவதைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போவார். கூடம், பூஜையறை, மாடுலர் கிச்சன் எதுவும் அவர் கண்ணில் படாது.

வீட்டுக்குத் திரும்பியதும் மங்களம் அம்மாவிடம் முழு அறிக்கை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அந்த அம்மா கேட்பார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி வரும்.

"கதவு உள்பக்கம் தொறக்குதா, வெளிப்பக்கமா?"

"அட, அதப் பாக்கலியே!"

"அப்ப என்னத்ததான் பாத்தீங்க அம்புட்டு நேரம்?"

ஒவ்வொரு முறையும் இதே கேள்வி. ஒவ்வொரு முறையும் இதே பதில். பாடத்திட்டம் மாறாத ஒரு தேர்வில் அந்த மனிதர் திரும்பத் திரும்பத் தோற்றார்.

மன்னார்குடி பக்கம் ஒரு வீடு. துபாய்ப் பணம். தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கோமாதாவை முதலில் உள்ளே அழைத்துப் போக வேண்டும் என்றார் ஐயர். கோமாதா வாசல்படியில் நின்று உள்ளே பார்த்தது. தரைக்குள் இன்னொரு மாடு தலைகீழாக நின்று அதையே பார்த்தது. அவ்வளவுதான், முன்னங்காலை ஊன்றிவிட்டது. மச்சான்கள் முன்னால் இழுத்தார்கள், பங்காளிகள் பின்னால் தள்ளினார்கள். ஒரு கால் மார்பிளில் பட்டதும் வழுக்கி அகன்றது. டிரோன் கேமராக்காரர் எல்லாவற்றையும் மேலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். "நல்ல நேரம் போயிண்டிருக்கு, நல்ல நேரம் போயிண்டிருக்கு" என்று ஐயர் ரயில் நிலைய அறிவிப்பு போலச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று முகூர்த்த நாள். அடுத்தடுத்துப் பல வீடுகள் பார்க்க வேண்டியிருந்ததால் பால்காய்ச்சி கால்மிதிகளைக் கட்டாகவே கொண்டு வந்திருந்தார். கட்டை அவிழ்த்தார். வாசல்படியிலிருந்து கூடம் வரை ஒவ்வொன்றாக விரித்தார். மாட்டின் காதருகே போய் ஏதோ சொன்னார். அது, கல்யாணப் பெண் மணமேடைக்குப் போவது போலக் கால்மிதிகளின் மேல் அடி வைத்து உள்ளே போனது. கூடத்தின் நடுவில் போய் நின்று, மாடுகள் எங்கும் செய்வதைச் செய்தது.

"ரொம்ப விசேஷம்!" என்றார் ஐயர்.

இறக்குமதி மார்பிளைப் பார்த்தபடி நின்ற வீட்டுக்காரரின் முகத்தில் அந்த விசேஷம் தெரியவில்லை.

அந்த வீடியோ வாட்ஸப்பில் டெல்டா முழுக்கச் சுற்றியது. அதற்குப் பிறகு மேஸ்திரி பக்கத்துக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. 'மாட்டுக்குக் கால்மிதி போட்டவர்' என்று தேடி வந்து பத்திரிகை வைத்தார்கள். ஆனாலும் பழக்கதோஷத்தில், அழைத்த வீட்டு வாசலிலும் அவர் மேஸ்திரி பக்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வேதாரண்யத்தில் உப்பு வியாபாரி ஒருவரின் வீடு. குளியலறையில் ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். பால்காய்ச்சி உள்ளே போய் டேப்பைப் பிடித்தபடி அசையாமல் நின்று கணக்குப் போட்டார். விளக்கு அணைந்தது. கதவின் உட்புறம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி என்பதால் கைப்பிடி எங்கே என்று இருட்டில் அவருக்குத் தெரியவில்லை.

"சார்... சார்... நான் உள்ள இருக்கேன் சார்!"

"கையை ஆட்டுங்க!" என்று நான் வெளியிலிருந்து சொன்னேன்.

"ஆட்டறேன் சார்! எரியல!"

வீட்டுக்காரரின் மகள் கதவில் வாய் வைத்துக் கத்தினாள். "அங்கிள், நல்லா டான்ஸ் ஆடுங்க!"

ஆடியிருக்க வேண்டும். விளக்கு எரிந்தது. கூடவே ஷவரும் திறந்துகொண்டது. அதற்கும் அசைவுதான் போலிருக்கிறது. பட்டு வேட்டியும் டேப்பும் சொட்டச் சொட்ட வெளியே வந்தவர், சுற்றி நின்ற கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் என்னிடம் சொன்னார்: "அகலம் போதும் சார். ஆனா லைட்டு அணைஞ்சா அவ பயந்துடுவா. வேணாம்."

பைபாஸ் ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாதிரி வீட்டையும் விட்டுவைக்கவில்லை. சோபாவில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்த பெண், "எத்தன பெட்ரூம் பாக்குறீங்க சார்?" என்று கேட்டாள்.

"பெட்ரூமெல்லாம் இருக்கும்மா. பாத்ரூம் மட்டும் வேணும். தனியாத் தருவீங்களா?"

அந்தப் பெண்ணின் பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை. குளியலறையைக் காட்டினாள். பால்காய்ச்சி குழாயைத் திருகினார். காற்றுகூட வரவில்லை.

"சார், அது டம்மி. மாடல் வீட்ல தண்ணி கனெக்‌ஷன் இருக்காது."

"எங்க வீட்ல தண்ணி இருக்கு, பாத்ரூம் இல்ல. இங்க பாத்ரூம் இருக்கு, தண்ணி இல்ல. ரெண்டும் சேந்து எங்கதாம்மா இருக்கு?"

திருக்கடையூரில் இருந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வாரம் யாரோடு ஊர் சுற்றுவது என்று சும்மா இருந்துவிட்டேன்.

இத்தனை வீடு பார்த்தவருக்கு என் வீட்டைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. "சார், உங்க பாத்ரூம ஒரு தடவ..." என்று கேட்டிலேயே பலமுறை ஆரம்பித்திருக்கிறார். "முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வு கிடையாது" என்று பூட்டிய கேட்டுக்குள் நின்று சொல்வேன். முன்னறிவிப்புக் கொடுத்தபோது, எழுத்து மூலமாக வேண்டும் என்றேன். அலுவலகத்தில் கற்ற கலையை வேறு எங்கேதான் பயன்படுத்துவது?

போன வருஷம் மழைக்காலம் நெருங்கியபோது மங்களம் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். மழை ஆரம்பிப்பதற்குள் உள்ளே ஒரு பாத்ரூம் வர வேண்டும். பால்காய்ச்சியும் தெளிவாகத் தலையாட்டினார். தலையாட்டிவிட்டுக் கும்பகோணத்துக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனார். மழை ஆரம்பித்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் காரோடு வந்தாள்.

அன்று காலை நான் வேலியோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மழையில் செடிக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்காதீர்கள்; பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்.

"பாத்ரூம் உள்ளயே இருக்கற வீடு ஒண்ணு எனக்குத் தெரியும்" என்றார் மங்களம் அம்மா. "எம் மக வீடு. நீங்க வந்து அளக்க வேணாம். நான் போறேன்."

"எப்ப வருவ?"

"கட்டி முடிச்ச அன்னைக்கி."

கார் போய்விட்டது. பால்காய்ச்சி தெருமுனையைப் பார்த்தபடி நனைந்துகொண்டு நின்றார். இரண்டு நாளில் சமாதானமாகி வந்துவிடுவார் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன். மங்களம் அம்மாதான் அப்படி நினைக்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் தனியாகப் பாபநாசம் போய்வந்தார். சாயங்காலம் என் கேட்டருகே வந்து நின்று வழக்கமான அறிக்கையை ஆரம்பித்தார். டைல்ஸ், கோப்பை, கம்பியின் உயரம். எல்லாம் கேட்டுவிட்டு நான் கேட்டேன்: "பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டிருக்காங்க?"

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"இன்னைக்கி மறக்காம கதவப் பாத்துட்டு வந்தேன் சார். வெளிப்பக்கம் தொறக்குது. அதக் கேக்கத்தான் ஆள் இல்ல."

போய்விட்டார்.

மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தடால் தடால் என்று சத்தம். என் சுற்றுச்சுவருக்கு எதிரே இருந்த அவர் வீட்டுச் சுவரிலிருந்து செங்கல் ஒன்று கீழே விழுந்தது. ஓட்டை வழியாகச் சுண்ணாம்புப் புழுதி படிந்த ஒரு முகம் தெரிந்தது.

"குட்மார்னிங் சார். ஒடைச்சுட்டேன்."

"என்னய்யா இது? அந்தப் பக்கம் இடமே இல்லையே! பாத்ரூமை என் தோட்டத்திலா கட்டப் போறீங்க?"

கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "தப்பான செவுரா சார்?"

இத்தனை வருஷம் தவறான இடத்தில் கட்டிவிடக் கூடாது என்று பயந்தவர், கட்டுவதற்கு முன்பாகவே தவறான இடத்தை உடைத்துவிட்டார்.

அதன்பின் நானே வரைபடம் போட்டேன். படுக்கையறையை ஒட்டி, பழைய நெல் குதிர் இருந்த இடத்தில். உள்ளே செய்யும் இந்த அளவு மாற்றத்துக்கு வரைபடம் அவசியமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் சார், முத்திர குத்திக் குடுங்க" என்றார். முத்திரை அலுவலகத்தில் இருப்பதால் கையெழுத்து மட்டும் போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததைப் போலவே கட்டப்பட்ட ஒரே கட்டடம், கடைசியில், ஒரு கழிவறைதான்.

கட்ட வந்த மேஸ்திரி சேகர் உள்ளே நுழைந்ததும் வீட்டைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஊரெல்லாம் எம் பக்கம்னு சொல்லிச் சாப்பிட்டுட்டு வந்த மாமா நீங்கதானா? 'ஒன் பக்கத்து ஆளுங்க பாத்ரூம விட்டு வெளியவே வர மாட்டேங்கறாங்க'ன்னு ஒவ்வொரு ஓனரும் என்னையப் புடிச்சுக் கேக்கறாங்க!"

"தம்பி, ஒம் பக்கம்தானப்பா நானு. நல்லாக் கட்டிக் குடு."

"என்ன டைல்ஸ்னு சொல்லுங்க" என்று சேகர் போனில் விதவிதமாகக் காட்டினார். பால்காய்ச்சி பார்க்கவேயில்லை. "திருக்கடையூர் போய் வருவோம்" என்றார்.

போனோம். அதே லாட்ஜில் அதே அறையைக் கேட்டார். மேனேஜர் எங்களைப் பார்த்தார். மூன்று ஆண்கள். கையில் டேப்பும் ரசமட்டக் குழாயும்.

"அறுவதா, எம்பதாங்க?"

"ரெண்டும் இல்ல."

"மாப்பிள்ள யாரு? பொண்ணு எங்க?"

"பொண்ணு கோயம்புத்தூர்ல இருக்கா" என்றார் பால்காய்ச்சி. "அவளக் கூட்டிட்டு வரத்தான் இந்த ஏற்பாடு."

மேனேஜர் அதற்கு மேல் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். அந்தத் தொழிலில் எல்லாவிதக் குடும்பங்களையும் பார்த்திருப்பார். சேகர் கோப்பையின் உயரத்தை அளந்தார். நான் கம்பியின் தூரத்தை அளந்தேன். பால்காய்ச்சி கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். வெளிப்பக்கம்தான்.

தை மாதத்தில் வேலை முடிந்தது. அவர் அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுத்தார். அச்சகத்துக்காரர் எனக்குப் போன் செய்தார். "சார், 'குளியலறைப் புகுவிழா'ன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க படிச்ச ஆளு, அந்தத் தெருவுல இருக்கீங்க. அவரு நல்லாத்தான இருக்காரு?" நான் உத்தரவாதம் கொடுத்தேன். எந்த அடிப்படையில் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த போன் கோயம்புத்தூரிலிருந்து, மங்களம் அம்மா. "சார், எனக்கும் ஒரு பத்திரிக வந்துருக்கு. இது நெசமா நம்ம வீட்டுதா, இல்ல இதுவும் வேற யாராச்சும் வீட்டுதா?"

"உங்க வீடுதாம்மா. நானே பிளான் போட்டேன்."

"அப்ப நீங்க சொல்லுங்க. கதவு எந்தப் பக்கம்?"

"வந்து பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

பார்த்த வீடுகளுக்கெல்லாம் பத்திரிகை அனுப்பியிருந்தார். ஒரு கக்கூசைப் பார்க்க யார் வரப் போகிறார்கள், சமையல்காரரிடம் குறைத்துச் சொல்லுங்கள் என்றேன். கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை. காலையிலிருந்து தெருவில் வேன்கள் திரும்ப இடமில்லாமல் நின்றன. மன்னார்குடிக்காரர் வந்து, மாட்டை அழைத்து வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். உப்பு வியாபாரி குடும்பத்தோடு வந்தார். மாதிரி வீட்டுப் பெண்கூட வந்து, முதல் வேலையாகக் குழாயைத் திருகிப் பார்த்தாள்.

வாசலில் வரவேற்க நான் நின்றேன். திருவாரூர்க்காரர் என்னைக் கண்டு ஒரு நொடி தயங்கிவிட்டு, பிறகு சிரித்தபடி கைகூப்பினார்.

"நாங்க மேஸ்திரி பக்கம் சார்."

ஒவ்வொருவர் கையிலும் தாளில் சுற்றிய தட்டையான ஒரு பொட்டலம். இந்தப் பக்கத்தில் செய்முறை என்பது அப்படித்தான். ஒருவர் செய்ததைத் திருப்பிச் செய்யாமல் விட மாட்டார்கள். அவர் கால்மிதி கொடுத்தார்; அவர்கள் கால்மிதி கொண்டு வந்தார்கள். குளியலறை சிறியது. வந்த கால்மிதிகளைப் போட்டு அதைக் கூரை வரை நிரப்பியிருக்கலாம்.

கழிவறைக்கு மந்திரம் எதுவும் கிடையாது என்று ஐயர் கையை விரித்தார். பாலை மட்டும் சமையலறை அடுப்பில் காய்ச்சினால் எந்த விதியும் மீறப்படாது என்று நான் தீர்ப்பளித்தேன். அடுப்பில் புதுப்பானை ஏறியது. பால்காய்ச்சி அதன் முன்னால் கைகட்டி நின்றார். அவர் ஊர் ஊராகப் போய் நின்ற அதே இடம்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது.

மங்களம் அம்மா மகளின் தோளைப் பிடித்து இறங்கினார். யாரோடும் பேசவில்லை. கூட்டம் வழிவிட்டது. படுக்கையறைக் கட்டிலிலிருந்து குளியலறை வரை யாரோ கால்மிதிகளை வரிசையாக விரித்திருந்தார்கள். மாட்டுக்கு விரித்தது போலவே என்று யாரோ சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக அடக்கிக்கொண்டார்கள். அந்த அம்மா அதன் மேல் நடந்து போய்க் கதவை இழுத்தார். வெளிப்பக்கம் திறந்தது. வெள்ளை டைல்ஸைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். மூலையில் இருந்த சிவப்பு வாளியைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் இத்தன வருசமா ஊர் சுத்துனீங்களா?"

கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது.

மூன்று மாவட்டங்களிலிருந்து வந்த ஜனம் ஒரு கழிவறைக் கதவுக்கு வெளியே மூச்சுவிடாமல் காத்திருந்த காட்சியை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் திறந்தது.

"கம்பி சரியான எடத்துல இருக்கு" என்றார் மங்களம் அம்மா. பிறகு புருஷனைப் பார்த்து, "பைய வண்டிலேந்து எறக்கச் சொல்லுங்க" என்றார்.

பால்காய்ச்சி எப்போது சமையலறையை விட்டு வந்தார் என்று தெரியவில்லை. கூட்டத்தின் முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது சமையலறையிலிருந்து 'சொர்ர்' என்று ஒரு சத்தமும் தீய்ந்த வாசனையும் வந்தன. எல்லோரும் ஓடினோம். பானை பொங்கி, வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டிருந்தது. பால்காய்ச்சி பார்க்காமல் பொங்கிய ஒரே பால் அதுதான்.

இப்போதும் அவருக்கு ஓய்வில்லை. முழங்கால் வலி உள்ள பெற்றோர் இருக்கும் வீட்டுக்காரர்கள், போகிற வருகிற வழியில் அந்தக் குளியலறையைப் பார்க்க வருகிறார்கள். மங்களம் அம்மா கட்டிலில் இருந்தபடியே, "பாருங்க, பாருங்க. கதவையும் தொறந்து பாருங்க" என்று உபசரிக்கிறார். போகும்போது ஆளுக்கொரு கால்மிதி தருகிறார். கையிருப்பு தீருவதாகத் தெரியவில்லை.

எனக்கும் கொஞ்ச நாளாக வலது முழங்கால் சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கையில் டேப்போடு பால்காய்ச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முன்னறிவிப்பு இல்லை, எழுத்து மூலமாக எதுவும் இல்லை. கேட்டை நான் காலையிலேயே திறந்து வைத்திருந்தேன்.